வழிநூலும் வழிப்படமும்: அறிவியல் புனைவு ரசிகர் படங்கள் குறித்து ஒரு விமரிசனம்

நூல்களை முதல்நூல், வழிநூல் என்று இரண்டாகப் பிரித்தது தொல்காப்பிய மரபியல். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று வழிநூலுக்கு நான்கு வகையும் சொன்னது. பின்னால் வந்த நன்னூலார், சார்புநூல் என்று மூன்றாவது ஒன்றைச் சேர்த்ததோடு, வழிநூலுக்கு ஓர் அருமையான இலக்கணமும் வகுத்தார். முதல்நூலின் பொருளோடு அது ஒத்துப்போக வேண்டும். ஆனால் பின்னால் வந்தவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அந்த வேறுபாட்டுக்கு அவர் இட்ட பெயர் விகற்பம். வால்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பனின் இராவணன் அவளைத் தொடாமல், பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்தெடுக்கிறான். கதை அதே கதைதான். விகற்பம் கம்பனுடையது. கம்பனைக் கம்பனாக நாம் அடையாளம் காண்பதும் அத்தகைய இடங்களில்தான்.

இந்தப் பழைய அளவுகோலை ஒரு புதிய சரக்கின் மேல் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். "என்ன இது, நன்னூலில் ஆரம்பித்து விண்கலத்துக்குத் தாவுகிறாரே!" என்று அன்பர்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பேசப்போவது அறிவியல் புனைவு ரசிகர் படங்களைப் பற்றி. 'ஸ்டார் ட்ரெக்', 'ஸ்டார் வார்ஸ்', 'டாக்டர் ஹூ', 'சூப்பர்மேன்' போன்ற புகழ்பெற்ற கற்பனை உலகங்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் சொந்தக்காரர்கள் அல்லாத ரசிகர்கள், கைக்காசைப் போட்டு, லாபம் கருதாமல் எடுக்கும் படங்கள் இவை. இவற்றை வழிப்படங்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன். பெயர் பொருந்துகிறதா என்று கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

ரசிகர் என்றதும் நமக்குக் கட்-அவுட்டும் பாலாபிஷேகமும் நினைவுக்கு வரும். இது அந்த வகை அல்ல. அங்கே ரசிகன் நடிகரைக் கொண்டாடுகிறான். இங்கே ரசிகன் கதைக்குள் புகுந்து, "நீங்க விட்டுட்டுப் போன இடத்துல நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்று கேட்கிறான். அந்த வகையில் நல்ல ரசிகர் படம் ஒரு விமரிசனமே. கட்டுரையாக எழுத வேண்டியதை அவன் படமாக எடுக்கிறான், அவ்வளவுதான்.

இல்லாமையில் பிறந்த கலை

1977இல் 'ஸ்டார் வார்ஸ்' வெளிவந்தது. அடுத்த ஆண்டே எர்னி ஃபாஸீலியஸ் என்பவர் 'ஹார்ட்வேர் வார்ஸ்' என்ற 13 நிமிடக் கேலிப் படத்தை எடுத்துவிட்டார். செலவு சுமார் 8,000 டாலர் என்பார்கள். அதில் விண்கலங்களாகப் பறந்தவை இஸ்திரிப் பெட்டியும், ரொட்டி வாட்டும் டோஸ்டரும். ரோபோவாக வந்தது ஒரு தூசி உறிஞ்சும் இயந்திரம். பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரிப்புக்கு உள்ளே ஒரு கருத்தும் இருந்தது. கோடிக்கணக்கில் செலவழித்த அந்தப் பிரமாண்டத்தின் எலும்புக்கூடு எவ்வளவு எளிய கதை என்பதை ஓர் இஸ்திரிப் பெட்டி காட்டிக்கொடுத்துவிட்டது! பக்கம் பக்கமாக எழுதிய விமரிசகர்களால்கூட அதை அத்தனை சுருக்கமாகச் சொல்ல முடியவில்லை.

'டாக்டர் ஹூ' பிரிட்டனில் பி.பி.சி. 1963 முதல் ஒளிபரப்பிய தொடர். காலத்தில் பயணம் செய்யும் அதன் நாயகர், சாகும் தறுவாயில் உருமாறி வேறு உடலில் தொடர்வார். நடிகரை மாற்றுவதற்கு அருமையான உபாயம். ஆனால் எத்தனை முறை உருமாறினாலும் ஆணாகவேதான் உருமாறினார். 1984இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ரசிகர்கள் 'தி ராத் ஆஃப் யூகோர்' என்ற படத்தை எடுத்தபோது, பார்பரா பெனடெட்டி என்ற பெண்மணியை டாக்டராக நடிக்க வைத்தார்கள். கதையின் விதியில் அதைத் தடுக்க எதுவும் இல்லை, பழக்கம்தான் தடுத்தது. பி.பி.சி. தன் தொடரில் ஜோடி விட்டேக்கரை முதல் பெண் டாக்டராக அறிவித்தது 2017இல். ரசிகர்களின் விகற்பம் சொந்தக்காரர்களை எட்ட 33 ஆண்டுகள் ஆயின.

ஜப்பானில் இன்னொரு விதமாக நடந்தது. ஒசாகாவைச் சேர்ந்த ரசிகர்கள், டைகான் ஃபிலிம் என்ற பெயரில் குழு சேர்ந்து, 1983இல் 'அல்ட்ராமேன்' கதையை வைத்து ஒரு படம் எடுத்தார்கள். அதன் இயக்குநர் ஹிதேயாகி அன்னோ. ராட்சத உருவெடுக்கும் வெள்ளி முகத்து வீரனான அல்ட்ராமேனாகவும் அவரே நடித்தார். முகமூடி கிடையாது, சொந்த முகத்தோடே நடித்தார். சுற்றியிருந்த நகர மாதிரிகளும் இயந்திரங்களும் அத்தனை நேர்த்தியாக இருக்க, நடுவில் ஓர் இளைஞனின் சாதாரண முகம். முதல் சில நிமிடம் சிரிப்பு வரும்; பிறகு அந்த முகத்தை மறந்து கதைக்குள் போய்விடுவோம். இதே அன்னோதான் 1995இல் 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' தொடரைத் தந்தார். 2022இல் வெளியான 'ஷின் அல்ட்ராமேன்' படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும் அவரே. வழிப்படம் எடுத்தவர் முதல்படக்காரரின் வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்த கதை இது.

பாதியில் நின்ற பயணம்

வழிப்படங்களின் பெரிய விளைநிலம் 'ஸ்டார் ட்ரெக்'. 1966 முதல் 1969 வரை 79 அத்தியாயங்கள் ஓடிய அந்தத் தொடரை என்.பி.சி. நிறுத்திவிட்டது. கதைப்படி அந்தக் கப்பலின் பயணம் ஐந்து ஆண்டு. மூன்று ஆண்டோடு தொடர் முடிந்தது. மீதி இரண்டு ஆண்டு என்ன ஆயிற்று? ரசிகர்களுக்கு இது தீராத குறை.

நியூயார்க் மாநிலத்தில் ஜேம்ஸ் காலி என்றொருவர். எல்விஸ் பிரெஸ்லி போல வேடமிட்டுப் பாடுவது அவர் தொழில். அதில் சம்பாதித்ததைக் கொண்டு அந்தப் பழைய விண்கலத்தின் அறைகளை அங்குலம் அங்குலமாகத் திரும்பக் கட்டி, 2004இல் 'நியூ வாயேஜஸ்' என்ற ரசிகர் தொடரைத் தொடங்கினார். நடிப்பு முதலில் சுமார்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் 2007இல் வந்த 'வேர்ல்ட் இனஃப் அண்ட் டைம்' என்ற அத்தியாயம் என் கருத்தில் இந்த வகையின் சிகரங்களில் ஒன்று. மூலத் தொடரில் சூலு என்ற பாத்திரத்தில் நடித்தவர் ஜார்ஜ் டக்கே. கப்பலின் சுக்கானுக்கு முன்னால் உட்கார்ந்து, கேப்டன் சொன்னதற்கு "ஆகட்டும்" என்று சொல்வதைத் தவிர அவருக்குப் பெரிய வேலை இருந்ததில்லை. ரசிகர் படத்தில் அதே டக்கே, எழுபது வயதை எட்டிய நிலையில், சூலுவாகத் திரும்ப வந்தார். கப்பலில் சில நொடிகள் கழிவதற்குள் சூலு வேறோர் உலகில் முப்பது ஆண்டு வாழ்ந்து, ஒரு மகளோடு திரும்புகிறார் என்பது கதை. ஒதுங்கி உட்கார்ந்திருந்த ஒரு மனிதனுக்கு உள்ளே ஒரு முழு வாழ்க்கை இருந்தது என்று சொன்ன விகற்பம் இது. 2008இல் ஹ்யூகோ விருதுக்கான இறுதிப் பட்டியலில், தொழில்முறைத் தொலைக்காட்சித் தொடர்களோடு சரிசமமாக இந்த ரசிகர் படமும் இடம்பெற்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டேவிட் ஜெரால்டு என்ற எழுத்தாளர் 1987இல் புதிய ஸ்டார் ட்ரெக் தொடருக்காக 'பிளட் அண்ட் ஃபயர்' என்ற கதையை எழுதினார். எய்ட்ஸ் பற்றிய அச்சம் பரவியிருந்த காலம். அதை உருவகமாகச் சொன்ன கதை. ஒருவரையொருவர் நேசிக்கும் இரண்டு ஆண்கள் அதில் இருந்தார்கள். அதிகாரப்பூர்வத் தொடர் அதைக் கிடப்பில் போட்டது. இருபது ஆண்டு கழித்து, காலியின் ரசிகர் குழுவே ஜெரால்டை இயக்குநராக அமர்த்தி அதை எடுத்து முடித்தது. ஸ்டார் ட்ரெக்கின் சொந்தக்காரர்கள் அத்தகைய பாத்திரங்களை வெளிப்படையாகக் காட்டியது 2016இல் ஒரு திரைப்படத்திலும் 2017இல் ஒரு தொடரிலும்தான்.

ஐந்தாண்டுப் பயணத்துக்கு ஒரு முடிவும் ரசிகர்களாலேயே கிடைத்தது. 2013 முதல் 2017 வரை 11 அத்தியாயங்கள் வந்த 'ஸ்டார் ட்ரெக் கன்டின்யூஸ்' என்ற இன்னொரு ரசிகர் தொடர், கடைசி இரண்டு அத்தியாயங்களில் அந்தக் கப்பலை ஊர் கொண்டுவந்து சேர்த்தது. பொறியாளர் ஸ்காட்டியாக மூலத்தில் நடித்த ஜேம்ஸ் டூஹனின் மகன் கிறிஸ் டூஹனே இதில் அந்த வேடத்தில் நடித்தார்.

மாலேகாவின் சூப்பர்மேன்

இதெல்லாம் வசதியுள்ள நாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. மும்பையில் இருக்கும் நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. நாசிக் மாவட்டத்தில், இங்கிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டரில் இருக்கிறது மாலேகாவ். விசைத்தறி ஊர். ராத்திரி பகலாகத் தறிச் சத்தம். 1857 கலகத்துக்குப் பின் வடக்கிலிருந்து வந்து குடியேறிய நெசவாளர்களின் வம்சத்தார் அங்கே பெரும்பகுதி. அந்த ஊரில் வீடியோ பார்லர் நடத்திய ஷேக் நாசிர், 2000இல் 'மாலேகாவ் கே ஷோலே' என்று ஒரு படம் எடுத்தார். ஊர் மக்களே நடிகர்கள். படம் ஊரில் பிய்த்துக்கொண்டு ஓடியது. பிறகு அவர் கை வைத்தது சூப்பர்மேன் மேல்! அந்தப் படப்பிடிப்பைப் பின்தொடர்ந்து ஃபைஸா அகமது கான் எடுத்த 'சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்' (2008) என்ற ஆவணப்படம் உலகம் சுற்றியது. அந்த மனிதர்களின் கதையை ரீமா காக்தி 'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகாவ்' என்று திரைப்படமாக்கி, 2025 பிப்ரவரியில் அது திரையரங்குகளுக்கும் வந்தது.

நாசிரின் சூப்பர்மேன் ஷஃபீக். தறித் தொழிலாளி. ஒட்டி உலர்ந்த உடம்பு. ஊதினால் பறந்துவிடுவார், அவரைப் பறக்க வைக்கத்தான் பெரும்பாடு. மாட்டு வண்டி கேமராவை ஏற்றி இறக்கும் கிரேன் ஆயிற்று. சைக்கிள் டிராலி ஆயிற்று. பச்சைத் துணியைக் கட்டி அதன் முன்னால் அவரைப் படுக்க வைத்து ஆகாயத்தில் பறக்க விட்டார்கள். அமெரிக்க சூப்பர்மேன் உலகத்தைக் காப்பாற்றுவான். மாலேகாவ் சூப்பர்மேன் ஊர் அழுக்கோடும் புகையிலையோடும் மல்லுக்கட்டினான். அந்த ஊரில் ஆளைக் கொல்லும் வில்லன்கள் அவைதாமே! ஷஃபீக் பின்னாளில் வாய்ப் புற்றுநோயில் இறந்தார் என்பது நெஞ்சை அறுக்கும் உண்மை.

சூப்பர்மேனை 1938இல் அச்சில் கொண்டுவந்த ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் படைத்த வீரனும் அழிந்துபோன சொந்தக் கிரகத்தை விட்டு வந்து இன்னொரு மண்ணில் வளர்ந்தவன். குடியேறிய நெசவாளர்களின் ஊர் அவனைத் தத்தெடுத்துக்கொண்டதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பிழைக்க வந்த ஊரில் சங்கம் வைத்து மலர் போடுகிற நமக்கு அது புரியாமலா போகும்?

சட்டம் வந்து கதவைத் தட்டியபோது

இவ்வளவு நாளும் கண்டும் காணாமல் இருந்த நிறுவனங்கள் 2015 டிசம்பரில் விழித்துக்கொண்டன. அலெக் பீட்டர்ஸ் என்பவர் 'ஆக்ஸனார்' என்ற ஸ்டார் ட்ரெக் ரசிகர் படத்துக்காகப் பொதுமக்களிடம் 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியிருந்தார். முன்னோட்டமாக 2014இல் வந்த 21 நிமிடப் படம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. போரில் பங்குகொண்ட தளபதிகள் வயதான காலத்தில் உட்கார்ந்து நினைவுகூர்வதாக, ஆவணப்பட வடிவில் எடுத்திருந்தார்கள். பாரமவுண்டும் சி.பி.எஸ்.ஸும் கலிபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. 2017 ஜனவரியில் நீதிபதி, 'நியாயமான பயன்பாடு' என்ற பாதுகாப்பு இந்தப் படத்துக்குக் கிடையாது என்று தீர்ப்பளித்தார். சில நாட்களில் இரு தரப்பும் சமரசமாகிவிட்டன.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மூலத்தின் மிகச் சின்ன விவரத்தைக்கூட விடாமல் அப்படியே கொண்டுவர முயன்றோம் என்பது படக்குழுவின் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையே தீர்ப்பில் அவர்களுக்கு எதிராக நின்றது. எவ்வளவுக்கெவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு வழக்கு பலம். இஸ்திரிப் பெட்டியைப் பறக்கவிட்டவர் மேல் இப்படி ஒரு வழக்கை நினைத்துப் பார்க்க முடியுமா?

வழக்கு நடக்கும்போதே, 2016 ஜூனில், சொந்தக்காரர்கள் ஸ்டார் ட்ரெக் ரசிகர் படங்களுக்குப் பத்து விதிகள் வகுத்தார்கள். கதை 15 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு பகுதியானால் மொத்தம் 30 நிமிடம். திரட்டும் பணம் 50,000 டாலரைத் தாண்டக்கூடாது. யாருக்கும் சம்பளம் கிடையாது. ஸ்டார் ட்ரெக்கில் முன்பு வேலை செய்தவர்கள் பங்கேற்கக் கூடாது. தொடர்களாக எடுக்கக் கூடாது. அதாவது டக்கே திரும்பி வந்த அந்த அத்தியாயத்தை இந்த விதிகளின்படி இனி எடுக்க வழியில்லை. ஓர் ஆச்சரியம், அதே விதிகளில் ஒன்று, உள்ளடக்கம் சொந்தக் கற்பனையாக இருக்க வேண்டும், மூலத்தின் மறுபதிப்பாக இருக்கக் கூடாது என்கிறது. நன்னூலார் கேட்ட விகற்பத்தை ஹாலிவுட் வக்கீலும் கேட்கிறார்! பணவிஷயத்தில் அவர்கள் போட்ட கட்டுப்பாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. ரசிகன் என்ற பெயரில் ஊரார் காசில் தொழிற்கூடம் கட்டுவது வேறு விவகாரம். ஆனால் நேரத்தையும் ஆளையும் அளந்து கொடுத்தது, பிள்ளையைப் பேசச் சொல்லிவிட்டு வாயைப் பொத்துவது போலத்தான்.

காலி கட்டிய விண்கல அறைகள் என்ன ஆயின? 2016இல் சி.பி.எஸ். அனுமதியோடு, டிகாண்டரோகா என்ற ஊரில், காசு கொடுத்துச் சுற்றிப்பார்க்கும் காட்சிக்கூடமாகிவிட்டன. அறைகள் பிழைத்தன. அவற்றில் புதுக்கதை எடுப்பது நின்றது. ரசிகர் தயாரித்ததில் நிறுவனத்துக்கு இனித்தது எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நம் நாட்டு நிலைமை சற்றே வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், விமரிசனத்துக்காகவோ மதிப்புரைக்காகவோ ஒரு படைப்பை நியாயமாகக் கையாள்வதை அனுமதிக்கிறது. விமரிசனம் கட்டுரையாகத்தான் இருக்க வேண்டுமா? கேரள உயர் நீதிமன்றத்துக்கு 1996இல் இந்தக் கேள்வி வந்தது. தோப்பில் பாஸி 1952இல் எழுதிய 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' என்ற புகழ்பெற்ற மலையாள நாடகத்தின் பாத்திரங்களையும் காட்சிகளையும் எடுத்துக்கொண்டு, சிவிக் சந்திரன் ஓர் எதிர் நாடகம் எழுதினார். "என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்" என்று முதல் நாடகம் சொன்னதை, "நீங்கள் யாரைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள்?" என்று திருப்பிக் கேட்டது அது. மூலத்தை நகலெடுத்துப் பிழைப்பது அதன் நோக்கமல்ல, விமரிசிப்பதே நோக்கம் என்று கண்ட நீதிமன்றம், நாடகத்துக்கு விதிக்கப்பட்டிருந்த தடையை நீக்கியது. அறிவியல் புனைவுக்கும் அந்த நாடகத்துக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் ஒரு படைப்பை இன்னொரு படைப்பால் விமரிசிக்கலாம் என்ற கொள்கை இந்திய நீதிமன்றம் ஒன்றின் வாயால் வந்திருக்கிறது. நம் ஊர் ரசிகர் படக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு அது.

அச்சு அசல் என்னும் ஆபத்து

சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஒரு காலத்தில் விண்கலம் பறக்க வேண்டுமானால் பொம்மை செய்து நூலில் கட்ட வேண்டும். பிறகு வீட்டுக் கணினியில் முப்பரிமாண உருவங்கள் வரைய முடிந்தது. அதற்கான பிளெண்டர் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 2020 டிசம்பரில் வந்த 'தி மாண்டலோரியன்' தொடரில் இளவயது லூக் ஸ்கைவாக்கரின் முகம் சரியாக அமையவில்லை என்று பலரும் குறைப்பட்டார்கள். ஒரு ரசிகர் அதைத் தன் கணினியில் திருத்திக் காட்ட, 2021இல் லூகாஸ் ஃபிலிம் அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் வாயால் சொன்னாலே காட்சி வந்து நிற்கிறது. 2025 ஜூனில் டிஸ்னியும் யுனிவர்சலும் மிட்ஜர்னி நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்ததும் இதனால்தான். டார்த் வேடர் வேண்டும் என்று கேட்டால் அச்சு அசலாக டார்த் வேடரை அது கொடுத்துவிடுகிறது என்பது புகார்.

செம்பூரில் இருக்கும் என் தங்கை மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். போன தீபாவளிக்கு வந்தபோது தன் கைபேசியில் ஒரு நிமிடக் காட்சி காட்டினான். பனிக்கிரகம், உருண்டு வரும் ராட்சத இயந்திரங்கள், வெடிப்பு.

"ஒரிஜினல் மாதிரியே இருக்கு பாருங்க மாமா!"

"இருக்குடா, பிரமாதமா இருக்கு. இதுல நீ எங்கே இருக்கே?"

"நான் நடிக்கலையே மாமா."

"நடிக்கறதைக் கேட்கலை. இந்தக் கதையில உனக்குப் பிடிக்காதது ஏதாவது ஒண்ணு இருக்குமில்ல? அது எங்கே?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் படைவீரர்கள் அத்தனை பேரும் முகமூடிக்குள்ளேயே சாகிறார்கள், அவர்கள் வீட்டுக்குக் கடுதாசி போகுமா என்று சின்ன வயதிலேயே தோன்றியது என்றான். "அதை எடுடா!" என்றேன். எடுப்பானோ மாட்டானோ, அந்த ஒரு கேள்வி அந்த ஒரு நிமிடப் பனிக்கிரகத்தைவிட மேலானது என்பது என் துணிபு.

2016இல் ஜெர்மனியிலிருந்து வந்த 'டார்த் மால்: அப்ரண்டிஸ்' என்ற படத்தைப் பலரும் ரசிகர் படங்களின் உச்சமாகச் சொல்வார்கள். காட்டுக்குள் நடக்கும் அந்த வாள்சண்டையில் குறை சொல்ல இடமில்லை. முகப்பூச்சு, ஒளி, வேகம் எல்லாம் முதல்தரம். ஆனால் பார்த்து முடித்தபின் ஸ்டார் வார்ஸ் பற்றி நமக்குத் தெரியாத எதையும் அது சொல்லியிருக்காது. இதற்கு நேர் எதிரான ஒன்று, 2010இல் நிறைவுபெற்ற 'ஸ்டார் வார்ஸ் அன்கட்'. மூலப் படத்தைப் பதினைந்து பதினைந்து நொடியாக 473 துண்டுகளாக்கி, ஆளுக்கொரு துண்டு என்று ரசிகர்களிடம் கொடுத்தார்கள். ஒருவர் அட்டைப்பெட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டார். ஒருவர் பொம்மைகளை வைத்து எடுத்தார். ஒருவர் படம் வரைந்தார். சேர்த்து ஒட்டியபோது ஒரு துண்டுகூட மூலத்தைப் போல இல்லை. கதை மட்டும் அறுபடாமல் ஓடியது. அதற்கு எம்மி விருதும் கிடைத்தது. ஒவ்வொரு வீட்டு வரவேற்பறையும், ஒவ்வொருவரின் குறும்பும் அதில் தெரிகின்றன. அட்டைப்பெட்டியே அங்கே விகற்பம்.

இல்லாமை இருந்தவரை ரசிகனுக்கு விகற்பம் தானாக வந்தது. காசில்லை, ஆகவே இஸ்திரிப் பெட்டி. நடிகரில்லை, ஆகவே பக்கத்து வீட்டு அம்மாள். கருவிகள் எல்லாம் கைக்கு வந்துவிட்ட இந்தக் காலத்தில் விகற்பம் தானாக வராது. தேடிப்போய்க் கொண்டுவர வேண்டும். ரசிகர் படத்தின் எதிர்காலம் இந்தத் தேடலில் இருக்கிறது. "எவ்வளவு ஒத்திருக்கிறது?" என்ற கேள்விக்கு இனி மதிப்பில்லை, இயந்திரம் அதை முடித்துக் கொடுத்துவிடும். "சொந்தக்காரர் சொல்லத் துணியாத எதை இது சொல்கிறது?" என்று கேட்டுத்தான் தராசில் நிறுத்த வேண்டும். பெண் டாக்டரும், முப்பது ஆண்டு வாழ்ந்து திரும்பிய சூலுவும், புகையிலையோடு போராடிய நோஞ்சான் சூப்பர்மேனும் அந்தத் தராசில் நிற்பார்கள். பளபளக்கும் பலவும் நிற்கா.

நமக்கு ஒரு யோசனை

அந்நிய நிறுவனங்களின் அனுமதியை எதிர்பார்க்காமலே எடுக்கக்கூடிய முதல்நூல்களும் உண்டு. நம் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அவர் எழுத்து பொதுச்சொத்து. 1946இல் மறைந்த எச்.ஜி. வெல்ஸின் கதைகள் இந்தியாவில் 2007 முதல் எல்லோருக்கும் சொந்தம். அவற்றைவிட நமக்கு நெருக்கமான ஒன்று, வங்கத்துப் பேகம் ரொக்கையா ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு'. 1905இல் அது முதலில் அச்சேறியது நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில். பெண்கள் ஆளும் நாடு, சூரிய வெப்பத்தைச் சேமித்துப் பயன்படுத்தும் கருவிகள், ஆகாய வண்டிகள், அடுக்களைக்கும் முற்றத்துக்கும் ஒதுக்கப்பட்ட ஆண்கள் என்று போகும் கதை. ரொக்கையா 1932இல் மறைந்தார். ஆகவே உரிமைப் பிரச்சினை எதுவும் இல்லை. ஸ்பெயின் நாட்டவர் இசபெல் எர்கெரா இதை அடிப்படையாக வைத்து ஓர் அனிமேஷன் படமே எடுத்து 2023இல் வெளியிட்டுவிட்டார். நம் பிள்ளைகள் எடுத்தால் அதில் மாட்டுங்காவும் தாராவியும் இருக்கும், காலை லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டி இருக்கும், அடுப்படியில் நிற்கும் அப்பாவைப் பார்த்து, "சாம்பார்ல உப்பு போட்டீங்களா?" என்று கேட்கும் அம்மாவும் இருக்கலாம். அந்த இடத்தில் அது நம்முடைய வழிப்படம் ஆகும்.

நம் சங்கத்து இளைஞர் அணியினர் ஆண்டுவிழாவுக்குத் திரைப்படப் பாட்டுக்கு ஆடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, நன்றாகவே ஆடுகிறார்கள். வரும் ஆண்டு அதோடு ஒரு பதினைந்து நிமிடப் படத்துக்கும் நேரம் ஒதுக்கலாம் என்று நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். பச்சைத் துணி நான் வாங்கித் தருகிறேன்.